இளையவள் போட்ட வேலி

அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் அந்த இரண்டு பெண்களும். மூத்தவளுக்கு வீடு ஊருக்குள், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில். இளையவளுக்கு வீடு மேட்டில், அதே ஆற்றின் மேல்பக்கம், மாட்டுப்பண்ணையோடு சேர்ந்தது. காலையில் இளையவளுடைய மாடுகள் இறங்கிக் கலக்கிய தண்ணீர் மத்தியானத்துக்குள் மூத்தவளின் கொல்லைப்புறம் வந்து சேர்ந்துவிடும். ஓரகத்திகளுக்குள் முகம் திருப்பிக்கொள்ள இது ஒன்றே போதும். ஆனால் மூத்தவளுக்கு வேறு காரணங்களும் இருந்தன.

இளையவள் எதையும் சிரித்துக்கொண்டே செய்வாள். பாதியில் விட்டாலும் சிரித்துக்கொண்டே விடுவாள். "பாவம், அவளும் எத்தனையைத்தான் பார்ப்பா" என்று சொந்தபந்தம் உருகும். மூத்தவள் ஒரு காரியத்தை எடுத்து முழுசாக முடித்து வைத்தால், "அவளுக்கென்ன, செஞ்சிருவா" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடும். அந்த "செஞ்சிருவா"வைக் கேட்கும்போதெல்லாம் மூத்தவளுக்கு நெஞ்சில் ஒரு முள் அசையும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை அடுக்கும் சத்தத்தில்தான் அவள் கணவர் தெரிந்துகொள்வார். லிஃப்ட் மெக்கானிக் அவர். ஒரு இயந்திரம் எப்போது அடம்பிடிக்கும் என்பது சத்தத்திலேயே தெரியும் என்பார்.

மூத்தவளுக்கு வேலை சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் ஓட்டல் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வரும். ஆள் உயர இயந்திரங்களில் போட்டு, துவைத்து, உலர்த்தி, சூடான உருளைக்குள் கொடுத்து மடித்து அனுப்ப வேண்டும். வாரத்தில் ஆறு நாள் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவள் ஆற்றுக்குப் போவாள்.

அது தொடங்கியது ஒரு மெத்தையால். யாரோ மேலே தள்ளிவிட்ட பழைய மெத்தை அவள் வீட்டுப் பின்சுவரில் வந்து சிக்கி, ஊறி, நாற ஆரம்பித்தது. நகராட்சிக்குப் போன் போட்டாள், ஆள் வரவில்லை. மறுபடி போட்டாள், வரவில்லை. கடைசியில் துணி உலர்த்தும் கயிற்றைக் கழற்றி, மெத்தையில் கட்டி, ஒற்றை ஆளாகக் கரைக்கு இழுத்துப்போட்டாள். அந்த வாரம் முழுக்கத் தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது. ஆனால் சுவரோரம் தண்ணீர் தடையில்லாமல் ஓடுவதைப் பார்த்தபோது வந்த நிம்மதி, அதற்குமுன் வேறெதிலும் அவளுக்குக் கிடைத்ததில்லை. அடுத்த ஞாயிறு ஒரு சைக்கிள் டயர். அதற்கடுத்த ஞாயிறு பாட்டில்கள், பைகள், ஒரு டி.வி. பெட்டியின் கூடு. வருஷங்கள் ஓடின. முதலில் கேலியாக "ஆத்தக்கா" என்று கூப்பிட்ட தெருக்காரர்கள் பிறகு மரியாதையாகவே கூப்பிட்டார்கள். அவள் கேட்டு வாங்காமல் தானாக வந்த ஒரே பட்டம் அது. பாலத்தின் மேல் போகிறவர்கள் நின்று, "என்ன ஆத்தக்கா, இன்னிக்கு என்ன மாட்டுச்சு?" என்று கேட்டால், "உங்க வீட்டுச் சோபாதான்" என்பாள்.

அப்படி இருந்த ஊருக்குத்தான் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், முதுகில் ஒரு பை, பைக்குள் சின்னச் சின்னப் பாட்டில்கள். ஆற்றைச் சீராக்க ஒரு கூட்டமைப்பு தொடங்குகிறார்கள், அதற்கு ஒருங்கிணைப்பாளர் அவள். நகராட்சி, பண்ணைக்காரர்கள், தூண்டில் போடுகிறவர்களின் சங்கம், பள்ளிக்கூடம் என எல்லோரையும் நூலகத்து மாடியறைக்குக் கூப்பிட்டிருந்தாள். மூத்தவள் அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் "பூட்ஸ்" என்று பெயர் வைத்துவிட்டாள்.

முதல் கூட்டத்தில் மூத்தவளை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். "இந்த ஊர்ல ஆத்தைப் பத்திப் பேசணும்னா முதல்ல இவங்கதான்" என்றாள் பூட்ஸ். மூத்தவள் எழுந்து நின்று மெத்தைக் கதையைச் சொன்னாள். எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை அடுக்கினாள். சத்தமே இல்லை. கணவர் எட்டிப் பார்த்து, "எல்லாம் சரியா ஓடுதா?" என்றார்.

இரண்டாவது கூட்டத்தில் பூட்ஸ் ஒரு வரைபடத்தை விரித்தாள். மலைச்சரிவில் விழும் மழை எந்த ஓடை வழியாக எங்கே வந்து சேர்கிறது என்று நீலக் கோடுகள் இலை நரம்புபோல் ஓடின. "குப்பை கண்ணுக்குத் தெரியுது. அதை எடுக்கறது நல்ல வேலைதான்" என்று ஆரம்பித்தபோதே மூத்தவளுக்கு அடுத்து வரப்போவது புரிந்துவிட்டது. "ஆனா ஆத்தோட உண்மையான நோய் சேறும் சாணமும். கரை இடிஞ்சு விழுது, மண்ணு அடியில படியுது, மீன் முட்டை மூச்சு முட்டிச் சாகுது. நாம மேல இருந்து ஆரம்பிக்கணும்."

மேலே என்றால் இளையவள் வீடு.

பூட்ஸும் தூண்டில் சங்கத்து ஆட்களும் அங்கே போனார்கள். இளையவள் டீ போட்டுக் கொடுத்துச் சிரித்தாள். கரையோரம் நீளமாக ஒரு பட்டை நிலத்தை விட்டுக்கொடுத்து வேலி போட வேண்டும், மாடுகள் ஆற்றில் இறங்காமல் தொட்டியில் குடிக்க வேண்டும் என்று கேட்டார்கள். "செஞ்சா ஆறு சரியாயிடுமா? அப்போ செஞ்சுடலாம்" என்றாளாம். கணவனிடம்கூடக் கேட்கவில்லை. சங்கத்து ஆட்கள் குழி தோண்டினார்கள், நகராட்சி குழாய் இழுத்துக் கொடுத்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கரையில் மரக்கன்று வைத்தார்கள். இளையவள் செய்த வேலை, தலையாட்டியதும் டீ போட்டதும்தான். மூத்தவளின் கணக்கு அப்படி.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் ஆறு தெளிந்தது.

மூத்தவள் அதைத் தன் வீட்டுப் பின்சுவரில் நின்றே பார்த்தாள். அடியில் கூழாங்கற்கள் தெரிந்தன. அத்தனை வருஷம் அந்த இடத்தில் முட்டியளவு தண்ணீரில் நின்றவள், அங்கே கூழாங்கல் இருக்கிறது என்பதையே அன்றுதான் கண்டாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவளால் முடியவில்லை. தான் ராப்பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்ட நோயாளி, நேற்று வந்த ஒருத்தி கொடுத்த மாத்திரையில் எழுந்து உட்கார்ந்து, அவளைப் பார்த்துச் சிரித்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

செய்தித்தாளில் படம் வந்தது. வேலியில் ஒரு கை, மாட்டின் கழுத்தில் ஒரு கை, நடுவில் இளையவளின் சிரிப்பு. 'ஆற்றுக்கு உயிர் கொடுத்த பெண்' என்று தலைப்பு. மூத்தவளின் கணவர் அதைக் கத்தரித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். "தம்பி பொண்டாட்டி பாரேன், எவ்வளவு லட்சணமா நிக்கறா" என்றார். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் சொன்னதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. மறுநாள் அந்தப் படத்தின் மேல் காலண்டர் தொங்கியது.

"காலண்டர் சுவர்லதானே இருந்துச்சு?"

"தேதி தெரியல."

"படம் மறைக்குதே."

"தேதி முக்கியமா, படம் முக்கியமா?"

எல்லாவற்றையும்விட அவளைக் குடைந்தது ஒரு சின்ன விஷயம். பூட்ஸ் இளையவளை "அக்கா" என்று கூப்பிட்டாள். மூத்தவளை "ஆன்ட்டி" என்றாள். ஓரகத்திகள் இருவருக்கும் இடையே அப்படியொன்றும் பெரிய வயசு வித்தியாசம் கிடையாது.

அந்த வாரத்திலிருந்து மூத்தவள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றுக்குப் போவதை நிறுத்தினாள். யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தாள். "என்ன ஆத்தக்கா, ஆளையே காணோம்?" என்று பாலத்துக்காரர்கள் கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தாள். ஒருவரும் கேட்கவில்லை. தண்ணீர் நன்றாக ஓடியது.

கை சும்மா இருந்தால் மனசு சும்மா இருக்காது. ஒரு நாள் மழை விட்டதும் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கரையோரமாகவே மேலே நடந்தாள். தனக்குத் தானே சொல்லிக்கொண்ட காரணம், காற்று வாங்குவது. ஆனால் கையில் போனைக் கேமரா திறந்தபடியே பிடித்திருந்தாள்.

பண்ணைக்குக் கீழே, ஆறு குறுகும் இடத்தில் அவள் தேடியது கிடைத்தது. வேலி ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. அந்த இடைவெளி வழியாக மூன்று மாடுகள் இறங்கி, மடி நனைய நின்று, சாவகாசமாக வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. சுற்றிலும் தண்ணீர் பழுப்பாகக் கலங்கிக் கீழ்நோக்கிப் போனது. மூத்தவள் படம் எடுத்தாள். கிட்டே போய் இன்னொன்று எடுத்தாள். திரும்பி நடக்கும்போது ரொம்ப நாளைக்குப் பிறகு கால் லேசாக இருந்தது. வாயில் ஏதோ பாட்டு வந்தது, அதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த கூட்டத்தில் எல்லோரும் உட்காரும்வரை காத்திருந்தாள். மரக்கன்றுகள் பிழைத்தது பற்றி யாரோ சொல்லி முடித்ததும் எழுந்தாள். "நான் குத்தம் சொல்ல வரல. கண்ணால பார்த்ததைக் காட்டறேன், அவ்வளவுதான்" என்று போனைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தாள். போன் கை மாறிக் கை மாறிப் போனது. தூண்டில் சங்கத்துத் தலைவர் நெற்றியைச் சுருக்கினார். கடைசியாக அது இளையவளிடம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த முகத்தில் சிரிப்பு இல்லாமல் மூத்தவள் பார்த்தாள்.

"வெள்ளத்துல விழுந்துச்சு" என்றாள் இளையவள். "அவருக்கு இடுப்புல பிடிச்சுக்கிட்டு எழுந்திருக்க முடியல. நான் ஒருத்தியா தூக்கிப் பார்த்தேன், வரல."

"ஒரு வார்த்தை சொல்லிருந்தா நாங்க வந்திருப்போமே அக்கா" என்றாள் பூட்ஸ்.

"எப்படிச் சொல்றது? பேப்பர்ல அப்படிப் போட்டுட்டாங்க. அப்புறம் போய் வேலி விழுந்துருச்சுன்னா சிரிக்க மாட்டாங்களா? காலையில எந்திரிச்சா அந்த வேலியைப் பார்க்கவே பயமா இருக்கு."

மூத்தவள் எதிர்பார்த்த இனிப்பு நாக்கில் தட்டுப்படவில்லை. அவள் உட்காரப் போனாள். அதற்குள் இளையவள் போனைத் திருப்பி நீட்டியபடி கேட்டாள்: "அக்கா, நீங்க கேட்டீங்க, நான் சொல்லிட்டேன். நானும் ஒண்ணு கேட்கட்டா? உங்க சலவைக்கூடத்துக்குப் பின்னாடி வெள்ளையா நுரை தள்ளிக்கிட்டு வருதே, அது எங்க மாட்டோடதா?"

"அது சோப்புத் தண்ணி" என்றாள் மூத்தவள். "துணி துவைச்ச தண்ணி. அதுல என்ன அழுக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் நகத்தைப் பார்த்தார். பூட்ஸ் மட்டும் மெல்லச் சொன்னாள்: "அதுவும் ஒரு பிரச்சினைதான் ஆன்ட்டி. சாக்கடையில போகவேண்டியது மழைத்தண்ணி போற கால்வாயில விழுது. அங்கிருந்து கீழ பூச்சி பொட்டு ஒண்ணும் இல்ல. ரொம்ப நாளா தெரியும். உங்க முதலாளியம்மா எங்களைக் கேட்டுக்குள்ளயே விடல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னும்…"

அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. தன் மனம் நோகக்கூடாது என்று அத்தனை பேரும் மறைத்திருக்கிறார்கள். இளையவள் வேலியை மறைத்ததையாவது திட்டலாம், இதை எப்படித் திட்டுவது?

வீட்டில் அன்று பாத்திரங்கள் இடிபட்டன. கணவர் விஷயத்தைக் கேட்டு முடித்து, "நீ கேட்டதுல தப்பில்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவ கேட்டதுலயும் தப்பில்ல" என்றார்.

"நீங்க யார் பக்கம்?"

"சோறு போடறவங்க பக்கம்."

"அப்போ மேல போய் அவகிட்டயே சாப்பிட்டுக்குங்க."

அவர் போகவில்லை. இரண்டு பேருக்கும் தட்டை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் வேலைக்குப் போனதும் மூத்தவள் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தாள். இயந்திரங்கள் கக்கும் வெந்நீர் ஒரு சிமென்ட் வாய்க்காலில் இறங்கி, இரும்புக் கம்பி போட்ட ஓட்டைக்குள் போய் மறைந்தது. வருஷக்கணக்கில் தினமும் அவள் தாண்டிப் போன ஓட்டை. சுத்தமான வாசனை வீசிக்கொண்டிருந்தது. அந்த வாசனையை அவள் இதுநாள் வரை பெருமையாகத்தான் முகர்ந்திருக்கிறாள்.

முதலாளியம்மாவிடம் பேசினாள். ஒல்லியான, அதிகம் பேசாத மனுஷி. அப்பா வைத்துவிட்டுப் போன சலவைக்கூடத்தை இரண்டு மடங்காக்கியவள். "முற்றத்தைத் தோண்டினா வேலை நிக்கும். ஆஸ்பத்திரிக்கு யார் பதில் சொல்றது?" என்றாள். "ஞாயித்துக்கிழமை நீ எங்க வேணும்னாலும் போ. என் முற்றத்துக்கு அதைக் கொண்டு வராதே." மறுபடி பேசினாள். மறுபடி அதே பதில். நோய், மீன், பூச்சி, நல்ல காரியம் என்று பூட்ஸ் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் ஒப்பித்தாள். முதலாளியம்மா ரசீதுகளைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

வெறுங்கையோடு திரும்பப் போனவளின் கண்ணில் முதலாளியம்மாவின் மேஜை பட்டது. கண்ணாடிக்கு அடியில் வேறொரு சலவைக்கூடத்தின் விளம்பரத் துண்டு. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பது, அதன் கழிவுநீரும் ஆற்றில்தான் விழும், முப்பது வருஷப் போட்டி. விளம்பரத்தில் அந்தக் கடைக்காரரின் படம் இருந்தது. பேனாவால் யாரோ அதற்கு மீசையும் கொம்பும் வரைந்திருந்தார்கள். ஒருமுறை அல்ல, மேலே மேலே அழுத்தி வரைந்திருந்தார்கள்.

மூத்தவளுக்குச் சட்டென்று அந்த மனுஷியின் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. தன் வீட்டுக் காலண்டர் அவள் கண் முன்னால் நின்றது.

"சரிங்கம்மா, நான் வற்புறுத்தல" என்றாள் வாசலில் நின்று. "அந்த ஸ்டேஷன்காரர் அடுத்த கூட்டத்துக்கு வர்றாராம். அவர் குழாயை மாத்தப் போறதாப் பேச்சு. எங்க ஓரகத்தி மாதிரி அவர் படமும் பேப்பர்ல வந்துரும் போல."

ரசீது புரளும் சத்தம் நின்றது.

"எப்ப கூட்டம்?" என்றாள் முதலாளியம்மா.

சொன்னது முழுப் பொய். அன்று மாலையே மூத்தவள் பஸ் பிடித்து ரயில் நிலையத்துப் பக்கம் போய், கொம்பில்லாத அந்த மனிதரைச் சந்தித்து, முதலாளியம்மா ஆற்றுக் கூட்டத்துக்கு வரப்போகிறாள் என்றும் பேப்பரில் படம் வரப்போகிறது என்றும் சொல்லிவிட்டு வந்தாள். அவரும் வந்தார். இரண்டு பேரும் நூலக மாடியறையின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்து, யார் முதலில் ஒப்புக்கொள்வது என்று போட்டி போட்டார்கள். "ஆன்ட்டி, இதை எப்படிச் சாதிச்சீங்க?" என்றாள் பூட்ஸ். மூத்தவள், "நல்லதனமாச் சொன்னேன், கேட்டுக்கிட்டாங்க" என்றாள்.

அந்தக் கூட்டத்துக்கு முன்னால் வேலி வேலை ஒன்றும் நடந்தது. விழுந்த வேலியைத் தூக்கச் சங்கத்து ஆட்களோடு மூத்தவளும் போனாள். படம் எடுத்தவள் போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. கம்பத்தை அவள் பிடித்துக்கொள்ள இளையவள் கல்லைப் போட்டு இறுக்கினாள். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசிக் கம்பத்தில்தான் இளையவள், "அக்கா, கோணலா இருக்கு" என்றாள். "நீ நேரா நில்லு, நேராத் தெரியும்" என்றாள் மூத்தவள். இளையவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பம் உண்மையிலேயே கோணலாகத்தான் இருந்தது. பிடுங்கி மறுபடி நட்டார்கள்.

சலவைக்கூடத்து முற்றம் தோண்டும் நாளில் யாரும் கூப்பிடாமலே இளையவள் மண்வெட்டியோடு வந்து நின்றாள். நகராட்சி ஆட்கள் கழிவுநீரைப் பாதாளச் சாக்கடையில் இணைத்தார்கள். வேலை நடக்கும்வரை ஆஸ்பத்திரி விரிப்புகளை, முன்பானால் யார் காலில் யார் விழுந்தாலும் நடந்திருக்காத காரியமாக, ஸ்டேஷன்காரர் துவைத்துக் கொடுத்தார். பிறகு அவருடைய முற்றத்தைத் தோண்டும்போது அவருடைய ஓட்டல் துண்டுகள் இங்கே வந்தன. முதலாளியம்மா ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அவர் முன்பு துவைத்ததில் கறை போகவில்லை என்று அவருக்கே சொல்லி அனுப்பினாள்.

பேப்பரில் படம் வந்தது. முதலாளியம்மா நடுவில், மூடிய வாய்க்காலின் மேல் நின்றுகொண்டிருந்தாள். 'ஆற்றைக் காத்த தொழிலதிபர்' என்று போட்டிருந்தது. மூத்தவள் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. அவ்வளவுதான். பேப்பரை நாலாக மடித்து வைத்தாள். அப்போது இளையவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, பேப்பர் பார்த்தேன். அந்த முழங்கை உங்களோடதுதானே?"

மூத்தவள் பேப்பரை மறுபடி விரித்தாள்.

"எனக்குத் தெரியும். மடிச்சு விட்ட கையைப் பார்த்தாலே தெரியுதே. முழங்கையை மட்டும் வெட்டி ஒட்டி வச்சிருக்கேன்."

"பைத்தியமா நீ?" என்றாள் மூத்தவள். ஆனால் போனை உடனே வைக்கவில்லை.

அதன்பின் பூட்ஸ் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தாள். மாதம் ஒருமுறை ஆற்றின் மேல்முனையிலிருந்து கீழ்வரை நடந்து, எங்கே கரை சரிகிறது, எங்கே யார் எதைத் திறந்து விடுகிறார்கள் என்று பார்த்துச் சொல்லும் வேலை. "உங்களைவிடக் கூர்மையா யாரும் குறை கண்டுபிடிக்க மாட்டாங்க" என்றாள், பாராட்டாகத்தான். மூத்தவள் அதை ஏற்றுக்கொண்டாள். தனியாகப் போகக்கூடாது என்று விதி இருந்ததால் கூட இளையவள் போனாள். அவள் எல்லா வீட்டு வாசலிலும் நின்று சிரித்துப் பேசி டீ வாங்கிக் குடித்துவிடுவாள். மூத்தவள் அதற்குள் பின்பக்கம் போய்க் குழாயைப் பார்த்துவிட்டு வருவாள். அந்த ஏற்பாட்டில் ஆற்றுக்கு நிறைய நன்மை நடந்தது. எந்த வீட்டிலும் இளையவளைத்தான் மறுபடி வரச் சொன்னார்கள். அது மூத்தவளை உறுத்தாமல் இல்லை. கடைசிவரை உறுத்தியது.

சில வருஷம் கழித்து ஒரு விடியலில் இளையவள் போன் செய்தாள். பண்ணைக்குக் கீழே நீர்நாய் ஒன்றைப் பார்த்தாளாம், கரையில் ஏறி உடம்பை உதறிவிட்டுப் போனதாம். மூத்தவள் முகம்கூடக் கழுவாமல் ஓடினாள். ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் போய் நாணலுக்குள் முட்டி மடித்து உட்கார்ந்தாள். அது இளையவளுக்குத்தான் மறுபடி முகம் காட்டியது, பால் கறக்கப் போகிற வழியில், தேடாமலே. மூத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. "அதுக்குக்கூட அவளைத்தான் பிடிக்குது" என்று கணவரிடம் சொன்னாள். கணவர் அவள் தட்டை மூடி வைத்தார்.

பிறகு ஒரு நாள் வேலைக்கு வந்தவள், சலவைக்கூடத்துக்குப் பின்னால், முன்பு நுரை தள்ளிய இடத்தில், ஒரு கல்லின் மேல் அதைக் கண்டாள். வாயில் மீன். அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் தின்று முடித்தது. பிறகு வழுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டது. மூத்தவள் போனை எடுத்தாள்.

இளையவள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மூச்சு வாங்க ஓடி வந்தாள். "எங்கக்கா?"

"போயிடுச்சு."

"நான் பார்த்ததுதானா?"

"இல்ல. இது பெருசு."

"எவ்வளவு பெருசு?"

மூத்தவள் கைகளை விரித்துக் காட்டினாள். யோசித்து, இன்னும் கொஞ்சம் விரித்தாள். இளையவள் அந்த அளவைப் பார்த்தாள், ஓரகத்தியின் முகத்தைப் பார்த்தாள், பக்கத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்தாள்.

"மறுபடி வருமா?"

"தெரியல. இரு, பார்ப்போம்" என்று மூத்தவளும் உட்கார்ந்தாள். உள்ளே இயந்திரம் சுற்ற ஆரம்பித்துவிட்டது, முதலாளியம்மா அவளைத் தேடுவாள். கொஞ்சம் தேடட்டும் என்று விட்டுவிட்டாள்.